அப்டேட் போட்டதும் பேட்டரி இறங்குகிறதா? பொறுக்க வேண்டியது எது, சரிசெய்ய வேண்டியது எது

புது அப்டேட் வந்திருக்கிறது என்று போன் நாள்கணக்கில் நச்சரிக்கும். சரி, போட்டுத் தொலைப்போம் என்று ஒருநாள் இரவு போட்டுவிடுவோம். மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் பேட்டரி முப்பதுக்கு வந்து நிற்கும். போன் வேறு லேசாகச் சுடும். “பழைய போனை வேண்டுமென்றே கெடுக்கிறார்கள், புதுசு வாங்க வைக்கத்தான் இதெல்லாம்” என்று உடனே தோன்றும். அந்தச் சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் பெரும்பாலான சமயம் நடப்பது வேறு.

அப்டேட்டுக்குப் பிறகு சார்ஜ் நிற்காமல் போவதற்குப் பின்னால் நான்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். போன் தன் பாக்கி வேலையை முடித்துக்கொண்டிருக்கலாம். ஏதோ ஒரு செயலி போனைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம். அப்டேட் உங்கள் செட்டிங்ஸில் எதையாவது மாற்றியிருக்கலாம். அல்லது பேட்டரியே கிழடு தட்டியிருக்கலாம். நான்குமே வெளியில் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது தானாகச் சரியாகிவிடும். மற்ற மூன்றும் எத்தனை நாள் பொறுத்தாலும் சரியாகாது. அதனால் எது என்று தெரியாமல் கண்டதையும் தட்டிக்கொண்டிருப்பதில் பலன் இல்லை.

திரைக்குப் பின்னால் நடக்கும் வேலை

போன் மறுபடி ஆன் ஆனதும் அப்டேட் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம். வீட்டுக்கு வெள்ளையடித்த மறுநாளை நினைத்துப் பாருங்கள். சுவர் பளிச்சென்று இருக்கும், ஆனால் சாமான் எல்லாம் கூடத்தில் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்குப் போக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். போனுக்கும் அதே கதைதான்.

ஆண்ட்ராய்டில் நடப்பதைப் பார்ப்போம். ஒரு செயலி பிளே ஸ்டோரிலிருந்து வரும் வடிவம் வேறு, உங்கள் போனின் பிராசஸர் நேரடியாக ஓட்டக்கூடிய வடிவம் வேறு. முதலாவதை இரண்டாவதாக மாற்றி வைத்துக்கொண்டால் செயலி வேகமாகத் திறக்கும், சார்ஜும் குறைவாகத்தான் செலவாகும். இந்த மாற்றும் வேலையைப் பார்க்கும் பகுதிக்கு ஏஆர்டி என்று பெயர். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5 முதல் எல்லாப் போன்களிலும் அது இருக்கிறது. சிஸ்டம் மாறினால் முன்பு மாற்றி வைத்ததில் பெரும்பகுதி செல்லாமல் போய்விடும். பழைய போன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: அப்டேட் முடிந்ததும் “இத்தனை செயலிகளில் இத்தனையாவது சரிசெய்யப்படுகிறது” என்று திரையில் எண் ஓடிக்கொண்டே இருக்கும், அதுவரை போனைத் தொட முடியாது.

2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டது. வேலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த வேலைக்கு இரண்டு நிபந்தனைகள்: போன் சார்ஜில் இருக்க வேண்டும், யாரும் தொடாமல் சும்மா கிடக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும்வரை செயலிகள் ஓடும்போதே அவ்வப்போது தேவையானதை மாற்றிக்கொண்டு ஓடும். பிராசஸருக்கு அது கூடுதல் உழைப்பு. போன் சுடுவதற்கும் சார்ஜ் இறங்குவதற்கும் ஒரு காரணம் இது.

இங்கேதான் பலருக்குச் சிக்கல். ஃபாஸ்ட் சார்ஜர் வந்ததிலிருந்து இரவு முழுக்கச் சார்ஜில் போடும் பழக்கம் பலரிடம் போய்விட்டது. காலையில் குளிக்கப் போகும் முன் முக்கால் மணி நேரம் போடுவது, அந்த நேரத்திலும் ரீல்ஸ் பார்ப்பது என்று ஆகிவிட்டது. போனுக்குச் சார்ஜும் ஓய்வும் சேர்ந்து கிடைப்பதே இல்லை. அதனால் இரண்டு நாளில் முடிய வேண்டிய வேலை வாரக்கணக்கில் இழுக்கிறது. “பத்து நாளாச்சு, இன்னும் சரியாகவில்லை” என்று யாராவது சொன்னால் முதலில் நான் கேட்பது, ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினீர்களா என்பதைத்தான்.

ஐபோனிலும் இதே போன்ற கணக்குதான். அப்டேட்டுக்குப் பிறகு, தேடும்போது உடனே எடுத்துக் காட்டுவதற்காகப் போனில் இருக்கும் கோப்புகள், செய்திகள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் அது புதிதாக அட்டவணை போடும். படங்களில் இருக்கும் முகங்களைப் பிரித்து அடுக்கும். போன் பூட்டியிருந்து சார்ஜரிலும் இருக்கும்போதுதான் அந்த முகம் பிரிக்கும் வேலை நடக்கும். பெரிய அப்டேட் போட்டவுடன் பேட்டரியும் சூடும் தற்காலிகமாகப் பாதிக்கப்படலாம், அது இயல்புதான் என்று ஐஓஎஸ் 26 வந்த 2025 செப்டம்பரில் ஆப்பிளே எழுதி வைத்தது. கல்யாண ஆல்பம், பிள்ளைகளின் பிறந்தநாள் என்று இருபதாயிரம் படம் வைத்திருப்பவருக்கும் இருநூறு படம் வைத்திருப்பவருக்கும் இந்தக் காத்திருப்பு ஒன்றாக இருக்காது.

இவற்றோடு செயலிகளும் புது சிஸ்டத்துக்கு ஏற்ற தங்கள் அப்டேட்டுகளை அதே வாரத்தில் வரிசையாக இறக்கும். நாமும் சும்மா இருப்பதில்லை. என்ன புதுசாக வந்திருக்கிறது என்று செட்டிங்ஸை நோண்டுவோம், வால்பேப்பரை மாற்றிப் பார்ப்போம். அந்த இரண்டு நாளும் திரை வழக்கத்தைவிட அதிக நேரம் எரிகிறது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே முதல் மூன்று நாளுக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். வைஃபை இருந்தால் அதில் இணைத்து, இரண்டு இரவு தொடர்ந்து சார்ஜரில் போட்டு, பூட்டி வைத்துவிட்டுத் தூங்குங்கள். தலையணைக்கு அடியில் வேண்டாம். உறையைக் கழற்றி, மேஜைமேல் வையுங்கள். பிளே ஸ்டோரையோ ஆப் ஸ்டோரையோ திறந்து எல்லாச் செயலிகளையும் அப்டேட் செய்துவிடுங்கள். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அவ்வளவு செய்துவிட்டு, நான்காம் நாள் அளந்து பாருங்கள்.

எப்படி அளப்பது

பகலில் அளந்தால் ஒன்றும் புரியாது. ஒருநாள் மேப்ஸ் போட்டு வண்டி ஓட்டியிருப்போம், இன்னொரு நாள் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்திருப்போம். இரவில் அளப்பதுதான் சரி. படுக்கப் போகும்போது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். சார்ஜில் போடாமல், வழக்கம்போல வைஃபையோ டேட்டாவோ ஆனில் இருக்க வைத்துவிட்டு, காலையில் எழுந்ததும் மறுபடி பாருங்கள். நூறில் தொடங்க வேண்டாம். பல போன்கள் நூறிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கும். எழுபது எண்பதில் தொடங்குவது நல்லது.

எவ்வளவு இறங்கினால் சரி? ஒரு தோராயக் கணக்குப் போடலாம். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி பெரும்பாலும் 5000 மில்லி ஆம்பியர் மணி அளவில் இருக்கிறது. திரை அணைந்து, போன் உண்மையிலேயே தூங்கினால் மணிக்கு 25 முதல் 50 மில்லி ஆம்பியர்தான் செலவாகும். அதாவது மணிக்கு அரை சதவீதம் முதல் ஒன்று. எட்டு மணி நேரத்துக்கு நான்கிலிருந்து எட்டு. அந்த அளவுக்குள் இருந்தால் உங்கள் போனுக்கு ஒன்றும் இல்லை. பகலில் இறங்குவது திரையும் சிக்னலும் எடுத்துக்கொள்வது. இரவில் பதினைந்து, இருபது, இருபத்தைந்து என்று போனால் போன் தூங்கவே இல்லை என்று அர்த்தம். யாரோ அதை விழிக்க வைத்திருக்கிறார்கள்.

தூங்கவிடாத செயலி

பேட்டரி விஷயத்தில் ஒரே ஒரு கருத்தைத்தான் ஒருவர் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். ஆண்ட்ராய்டு போனின் இயல்பு நிலை தூக்கம். திரையை அணைத்த கொஞ்ச நேரத்தில் பிராசஸரும் அடங்கிவிட வேண்டும். ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு கோப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் இடையில் தூங்கிவிடக் கூடாதல்லவா? அதற்காகச் செயலிகளுக்கு ஓர் உரிமை கொடுத்திருக்கிறார்கள். “நான் முடிக்கும்வரை தூங்காதே” என்று சிஸ்டத்திடம் சொல்லலாம். அதன் பெயர் வேக்லாக். வேலை முடிந்ததும் செயலி அதை விட்டுவிட வேண்டும். சரியாக எழுதப்படாத செயலி அதை விட மறந்துவிடும். திரை இருட்டாக இருக்கும், போன் சட்டைப்பையில் இருக்கும், உள்ளே பிராசஸர் மட்டும் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

2015-இல் ஆண்ட்ராய்டு 6 டோஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தது. அசையாமல் கிடக்கும் போனில் செயலிகளின் வேலையைச் சேர்த்து வைத்து, இடைவெளி விட்டு மொத்தமாகச் செய்யவிடும் ஏற்பாடு. 2018-இல் ஆண்ட்ராய்டு 9, நீங்கள் எந்தச் செயலியை எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்று பார்த்து அவற்றைத் தரம் பிரித்து, அரிதாகத் திறப்பவற்றுக்குக் கட்டுப்பாடு போட்டது. இருந்தும் தப்பிக்கும் செயலிகள் உண்டு. கடைசியில் கூகுள் ஒரு கணக்கே சொல்லிவிட்டது. தகுந்த காரணம் இல்லாமல் ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேக்லாக் பிடித்து வைப்பது மிகை. அப்படி அடிக்கடி செய்யும் செயலியின் பிளே ஸ்டோர் பக்கத்தில் 2026 மார்ச் முதல் எச்சரிக்கை காட்டப்படலாம் என்று 2025 நவம்பரில் அறிவித்தார்கள். எத்தனை ஆண்டுக்காலப் புகாருக்கு எவ்வளவு தாமதமான வைத்தியம் என்று தோன்றுகிறது. வந்தவரை நல்லதுதான்.

பெரிய கம்பெனிச் செயலி என்றால் இந்தத் தப்பு செய்யாது என்று நினைக்க வேண்டாம். 2025 மே மாதம் இன்ஸ்டாகிராம் ஆண்ட்ராய்டு போன்களில் கண்டபடி பேட்டரி தின்றது. அதைச் சரிசெய்யும் பதிப்பு வந்துவிட்டது, உடனே அப்டேட் செய்யுங்கள் என்று கூகுள் தன் பிக்சல் பயனர்களுக்குச் சொல்ல வேண்டி வந்தது. அதற்கு முன், 2023 செப்டம்பரில் ஐபோன் 15 புரோ கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது என்று புகார் வந்தது. ஐஓஎஸ் 17-இல் ஒரு பிழை இருக்கிறது, சில செயலிகளின் புதிய பதிப்புகளும் பிராசஸரை அளவுக்கு மீறி வேலை வாங்குகின்றன என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்தச் செயலிகளில் இன்ஸ்டாகிராமும் ஊபரும் இருந்தன. அக்டோபர் 4-ஆம் தேதி 17.0.3 வந்து சரியானது. அப்டேட்டில் வந்த கோளாறை இன்னொரு அப்டேட்தான் சரிசெய்தது. “அப்டேட் போட்டதால்தான் கெட்டது, இனிமேல் எதையும் போட மாட்டேன்” என்று பிடிவாதமாக இருப்பவர்கள் தங்களுக்கான மருந்தையும் சேர்த்தே மறுத்துக்கொள்கிறார்கள்.

சரி, உங்கள் போனில் யார் தூங்கவிடாமல் வைத்திருப்பது? செட்டிங்ஸில் பேட்டரி, அதற்குள் பேட்டரி யூசேஜ். ஐபோனிலும் செட்டிங்ஸில் பேட்டரிதான். அங்கே வரும் பட்டியலைப் படிப்பதில் ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. யூடியூப் 40 சதவீதம் என்று இருந்தால் முழு பேட்டரியில் 40 போய்விட்டது என்று பதறுவார்கள். பல போன்களில் அந்த எண், இதுவரை செலவானதில் அந்தச் செயலியின் பங்கு. பத்து சதவீதம்தான் மொத்தமே செலவானது என்றால் அதில் நாற்பது பங்கு வெறும் நான்குதான். அதைவிட அடுத்த வரியைப் பாருங்கள்: திரையில் எவ்வளவு நேரம், பின்னணியில் எவ்வளவு நேரம். நீங்கள் மூன்று மணி நேரம் பார்த்த யூடியூப் மேலே இருப்பதில் ஆச்சரியம் இல்லை. திரையில் நான்கு நிமிடம், பின்னணியில் ஆறு மணி நேரம் என்று ஒரு ஷாப்பிங் செயலியோ உடற்பயிற்சிச் செயலியோ இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டது.

அகப்பட்டதும் முதலில் அந்தச் செயலிக்கு அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குப் போய், ஆண்ட்ராய்டு 12-இல் வந்த மூன்று நிலைகளில் கட்டுப்பாடு உள்ள ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மாற்றுங்கள். ஷாவ்மி, ரியல்மி, விவோ போன்ற போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் அணைக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டுவிடாதீர்கள். வாட்ஸ்ஆப்பைக் கட்டிப்போட்டால் மெசேஜ் தாமதமாக வரும். சர்க்கரை அளவு பார்க்கும் சென்சாரோடு பேசும் செயலியைக் கட்டிப்போட்டால் ஆபத்தாகவே முடியலாம்.

பட்டியலின் மேல் கூகுள் பிளே சர்வீசஸ் என்று வந்தால் அதை நேரடியாகக் குற்றம் சொல்ல முடியாது. இருப்பிடம், நோட்டிபிகேஷன், பேக்கப் என்று பல செயலிகளின் வேலைகள் அதன் வழியாகத்தான் போகின்றன. பில் அதன் பெயரில் விழும். கூகுள் கணக்கில் சிங்க் பாதியில் நிற்கிறதா, பேக்கப் முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தச் செயலிக்கு “எப்போதும்” இருப்பிட அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். அங்கேதான் பல நேரம் விடை இருக்கும்.

யார் என்றே தெரியவில்லை என்றால் ஆண்ட்ராய்டில் சேஃப் மோடு இருக்கிறது. பவர் மெனுவில் ஆஃப் என்பதை அழுத்திப் பிடித்தால் பல போன்களில் அது வரும். அந்த நிலையில் போனோடு வந்த செயலிகள் மட்டும்தான் ஓடும். ஓரிரவு அப்படியே விடுங்கள். இறக்கம் நின்றுவிட்டால் நீங்கள் போட்ட செயலிகளில் ஒன்றுதான் காரணம். அண்மையில் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். சேஃப் மோடில் அலாரம் அடிக்கிறதா என்று முன்னாடியே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மாறிப்போன செட்டிங்ஸ்

சில அப்டேட்டுகள் கேட்காமலே சில வசதிகளை ஆன் செய்துவிட்டுப் போகும். அணைந்த திரையிலும் நேரம் காட்டும் ஆல்வேஸ் ஆன் டிஸ்பிளே, திரை நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் 120 ஹெர்ட்ஸ் வேகம், வைஃபை அணைத்திருந்தாலும் சுற்றிலும் தேடிக்கொண்டிருக்கும் ஸ்கேனிங், லாக் ஸ்கிரீனில் மாறி மாறி வரும் படமும் செய்தியும். கடைசியாகச் சொன்னதை யார் விரும்பிக் கேட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தேவையில்லாததை அணைத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

நெட்வொர்க் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நீங்கள் 4ஜியில் வைத்திருந்ததை அப்டேட் 5ஜிக்கு மாற்றியிருக்கலாம். 2022 அக்டோபரில் இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது ஜியோ தனித்து இயங்கும் 5ஜியையும், ஏர்டெல் 4ஜியின் தோளில் ஏறி நிற்கும் 5ஜியையும் எடுத்துக்கொண்டன. இந்த இரண்டாவது வகையில் போன் ஒரே நேரத்தில் இரண்டு நெட்வொர்க்குகளோடும் பேச வேண்டியிருக்கும். எந்த வகையாக இருந்தாலும், 5ஜி சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் போன் மாறி மாறித் தாவும். சிக்னல் பலவீனமானால் டவருக்குக் கேட்க வேண்டுமென்று போன் தன் பக்கத்திலிருந்து அனுப்பும் சக்தியைக் கூட்டும். ரயில் பயணத்தில் பேட்டரி சீக்கிரம் காலியாவதற்கும், தடித்த சுவருள்ள பழைய வீட்டின் உள் அறையில் காலியாவதற்கும் இதுவே காரணம். ஒருநாள் 4ஜியில் மட்டும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் அப்படியே விட்டுவிடலாம். வீட்டில் வைஃபை இருப்பவருக்கு 5ஜி இல்லாததால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. வைஃபை காலிங் வசதி இருந்தால் ஆன் செய்துகொள்ளுங்கள். இதற்கும் அடங்கவில்லை என்றால் நெட்வொர்க் செட்டிங்ஸை மட்டும் ரீசெட் செய்யலாம். வைஃபை பாஸ்வேர்டும் புளூடூத் இணைப்புகளும் போகும், படங்களுக்கு ஒன்றும் ஆகாது.

பேட்டரியே பழசு என்றால்

லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும். முழுதாக ஒருமுறை காலியாகி நிறைவது ஒரு சைக்கிள். இன்று பாதி, நாளை பாதி என்றால் இரண்டும் சேர்ந்து ஒன்று. ஐபோன் 14 வரையான மாடல்கள் 500 சைக்கிளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் 1000 சைக்கிளுக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. சூடு இந்தத் தேய்மானத்தை வேகப்படுத்தும். 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் நிரந்தரப் பாதிப்பு வரலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். நம் ஊர்க் கத்திரி வெயிலில் வண்டியின் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப்ஸை ஓடவிட்டு, சார்ஜும் ஏற்றிக்கொண்டு போகிறவர்களின் பேட்டரி படும் பாட்டைச் சொல்லி முடியாது.

தேய்ந்த பேட்டரிக்குக் கொள்ளளவு மட்டுமல்ல, உள் மின்தடையும் பிரச்சினை. பிராசஸர் திடீரென்று அதிகம் கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று விழும். இருபது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் பொட்டென்று அணைவது இதனால்தான். அப்டேட்டுக்குப் பிறகு வரும் அந்த இரண்டு மூன்று நாள் கனமான வேலையில் இந்தக் கிழட்டுத்தனம் முதன்முதலாக வெளியே தெரியும். பழி அப்டேட்டின்மேல் விழும்.

முதலில் சொன்ன சந்தேகத்தின் வேர் இங்கே இருக்கிறது. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, ஐபோன் 6, 6எஸ் போன்ற மாடல்களில் பேட்டரி தேய்ந்திருந்தால் பிராசஸரின் வேகத்தைக் குறைத்தது. போன் திடீரென்று அணைவதைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. தொழில்நுட்ப ரீதியாக அதில் நியாயம் இருந்தது. வேகம் குறைக்கப்படுகிறது என்பதைப் பயனரிடம் தெளிவாகச் சொல்லாததுதான் தப்பு. அந்த டிசம்பரில், போனின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் செயலியின் சோதனை எண்கள் குட்டை உடைத்தன. ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2018 மார்ச்சில் ஐஓஎஸ் 11.3-இல் பேட்டரி ஹெல்த் பக்கம் வந்தது. 2020-இல் பிரான்ஸ் 250 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கை முடிக்க ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

கூகுளும் 2025-இல் இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்தது. இந்த முறை ஒளிவுமறைவு இல்லை. ஜனவரியில் பிக்சல் 4ஏ, ஜூலையில் பிக்சல் 6ஏ. சில போன்களில் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகும் அபாயம் இருந்ததால், அவற்றின் கொள்ளளவையும் சார்ஜ் ஏறும் வேகத்தையும் அப்டேட் மூலமே குறைத்தார்கள். 6ஏ-யில் 400 சைக்கிள் தாண்டிய பிறகு இது நடைமுறைக்கு வரும். பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச பேட்டரி மாற்றம் போன்ற சலுகைகளைக் கொடுத்தார்கள். அந்த மாடல் வைத்திருந்தவர் செட்டிங்ஸில் எத்தனை நாள் தலைகீழாக நின்றாலும் பழைய சார்ஜ் திரும்ப வந்திருக்காது. ஆக, உங்கள் மாடலுக்கு இப்படி ஏதாவது அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கம்பெனியின் உதவிப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஐபோனில் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். சாம்சங்கில், சாம்சங் மெம்பர்ஸ் செயலிக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக்ஸில் பேட்டரியின் நிலையைச் சோதிக்கலாம். புதிய பிக்சல்களில் எத்தனை சைக்கிள் ஆகியிருக்கிறது என்று காட்டும். இவை எதுவும் இல்லாத போன் என்றால், மூன்று வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, பாதியில் பொட்டென்று அணைகிறது என்ற இரண்டே போதும். பின்பக்கம் உப்பியிருந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜ் ஏற்றுவதை நிறுத்திவிட்டு நேராகச் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

எல்லோரும் சொல்வார்கள், செய்யாதீர்கள்

ரீசன்ட்ஸில் இருக்கும் செயலிகளை எல்லாம் தள்ளித் தள்ளி மூடுவது பலருக்கு ஒரு கைப்பழக்கம். அதனால் பேட்டரி மிச்சமாகாது. 2016-இலேயே ஆப்பிளில் மென்பொருளைக் கவனித்த கிரெய்க் ஃபெடரிகியும், கூகுளில் ஆண்ட்ராய்டைக் கவனித்த ஹிரோஷி லாக்ஹைமரும் இதைச் சொல்லிவிட்டார்கள். மூடிய செயலியை மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் கூடுதல் சார்ஜ். தனியாக ஒரு பேட்டரி சேவர் செயலி போடுவதும் அதே ரகம். அது தன் பங்குக்குப் பின்னணியில் ஓடிக்கொண்டு விளம்பரம் காட்டும். போனிலேயே இருக்கும் பவர் சேவிங் போதும்.

பூஜ்யம் வரை இறக்கி நூறு வரை ஏற்றி “கேலிபரேட்” செய்யச் சொல்வார்கள். அப்டேட்டுக்குப் பிறகு சதவீதம் தாறுமாறாகக் குதித்தால் ஒருமுறை செய்து பார்க்கலாம். அளக்கும் கணக்குச் சரியாகலாம், பேட்டரியின் கொள்ளளவு கூடாது. வாராவாரம் செய்தால் பேட்டரிதான் தேயும். சிஸ்டம் தன் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் கேஷ் பார்ட்டிஷன் என்ற பகுதியைத் துடைப்பது இன்னொன்று. பல சாம்சங் போன்களில் அந்த வசதி உண்டு, தரவு எதுவும் போகாது, முயன்று பார்க்கலாம். பிக்சல் போன்ற போன்களில் அந்தத் தனிப் பகுதியே இல்லை. அங்கே போய்த் தேடாதீர்கள்.

பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா என்பது அடுத்த கேள்வி. ஐபோனில் புதியது வந்த கொஞ்ச நாளில் பழைய பதிப்பை நிறுவ ஆப்பிள் அனுமதிப்பதில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் பழையதைத் தடுக்கும் பூட்டு சிஸ்டத்திலேயே இருக்கிறது. முடிந்தாலும் தரவு முழுக்க அழியும், பாதுகாப்பு ஓட்டைகளும் கூடவே திரும்பி வரும். கடைக்காரர் இருநூறு ரூபாய்க்குச் செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

ஃபேக்டரி ரீசெட் கடைசி வழி. இரண்டு வாரம் ஆகி, செயலிகளைப் பார்த்து, நெட்வொர்க்கைப் பார்த்து, பேட்டரியின் நிலையும் நன்றாக இருந்து, அடுத்த சின்ன அப்டேட் வந்தும் தீரவில்லை என்றால்தான் அதற்குப் போக வேண்டும். வாட்ஸ்ஆப் பேக்கப் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி தரும் ஆத்தென்டிகேட்டர் செயலி இருந்தால் அதை முதலில் வேறு போனுக்கு மாற்றுங்கள். இதை மறந்தால் சில கணக்குகளுக்குள் நுழையவே முடியாது. யூபிஐ செயலிகள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பி மறுபடி பதிவு செய்யச் சொல்லும், அதற்குச் சிம்மில் எஸ்எம்எஸ் அனுப்பும் அளவுக்கு பேலன்ஸ் வேண்டும். ஊருக்குக் கிளம்பும் நாளிலோ, கையில் பத்து ரூபாய் ரொக்கம் இல்லாத நாளிலோ இதைத் தொடங்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் எல்லாச் செயலிகளிலும் மறுபடி நுழைந்து முடித்துவிடலாம்.